படாளம் பக்கம் மனை வாங்கப் போறீங்களா? பத்திரம் பதிவானா மட்டும் போதாது! - சட்ட வழிகாட்டி

படாளம்,

செங்கல்பட்டைத் தாண்டி பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் மாமண்டூர், படாளம், புக்கத்துறை என்று ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் கலர் கலராக கொடிகள் பறப்பதைப் பார்க்கலாம். வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கும். நேற்று வரை நெல்லும் கரும்பும் விளைந்த நிலம் இன்றைக்கு "நகர்" ஆகிவிட்டது. "ஸ்டேஷன் பக்கத்துலயே சார், சுகர் மில்லுக்கு எதிர்ல சார், ரெண்டு வருஷத்துல டபுள் ஆகும் சார்" என்று புரோக்கர்கள் வண்டி வைத்து அழைத்துப் போகிறார்கள்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பணக்காரர்கள் கிடையாது. மெக்கானிக் ஷெட் போட ஆசைப்படுகிறவர், ரிட்டயர்மெண்ட் பணத்தில் அரை கிரவுண்டு தேடுகிறவர், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று சீட்டு எடுத்து மனை போடுகிறவர். இவர்களுக்கு ஒரு முறை பணம் போனால் போனதுதான். இன்னொரு முறை சேர்க்க முடியாது.

இவர்களில் பலருக்கு இருக்கும் ஒரு நம்பிக்கைதான் ஆபத்தானது. "பத்திரம் பதிஞ்சாச்சு. கவர்மெண்டே சீல் வச்சுக் கொடுத்தாச்சு. இனி என்ன பயம்?" என்பதுதான் அது.

பயம் உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பதிவு ஆபீஸ் எதற்கு பொறுப்பு?

இன்னார் இன்னாருக்கு இந்தத் தேதியில் இந்தச் சொத்தை எழுதிக் கொடுத்தார் என்பதைப் பதிந்து வைப்பதுதான் சார் பதிவாளர் ஆபீசின் வேலை. எழுதிக் கொடுத்தவர் உண்மையிலேயே சொந்தக்காரர்தானா என்று தீர்ப்பு சொல்வது அதன் வேலை கிடையாது. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 7-4-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. விற்கிறவர் தன் உரிமையை நிரூபிக்கவில்லை என்று காரணம் காட்டி பதிவை மறுக்க வகை செய்த தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ (1) செல்லாது என்றும், உரிமையை ஆராயும் அதிகாரம் சார் பதிவாளருக்கு பதிவுச் சட்டத்தில் இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது.

இதை வாங்குகிறவர் பக்கம் இருந்து பாருங்கள். ஆபீசில் யாரும் உங்களுக்காக உரிமையை ஆராய்ந்து பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டியது நீங்கள்தான், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடியே.

மனை வாங்கும்போது நான்கு இடங்களில் கேள்வி கேட்க வேண்டி இருக்கிறது. யார் விற்கிறார் என்பதற்கு பதிவுத்துறை. நிலம் என்ன வகை என்பதற்கு தாலுகா ஆபீஸ். மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதற்கு நகர் ஊரமைப்புத் துறை. கட்டிட அனுமதிக்கு ஊராட்சி. ஒரு ஆபீசில் "சரி" என்று சொன்னால் மற்ற மூன்றிலும் சரி என்று அர்த்தம் இல்லை. இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

2016-ல் விழுந்த இடி

அங்கீகாரம் இல்லாத மனை என்ற பேச்சே ஊர்ப்பக்கம் அவ்வளவாகக் கிடையாது. 1990-களிலும் 2000-களிலும் மாதத் தவணை கட்டி வாங்கிய மனைகள் இந்தப் பக்கம் எக்கச்சக்கம். யாரும் டி.டி.சி.பி. நம்பர் கேட்டதில்லை. பத்திரமும் தாராளமாகப் பதிவானது.

9-9-2016 அன்று சென்னை ஐகோர்ட் ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளையும் அதில் உள்ள வீடுகளையும் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. விளைநிலங்கள் கண்டபடி மனையாவதைத் தடுக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. மாநிலம் முழுவதும் பதிவு அப்படியே நின்று போனது. அடுத்த மாதமே, அதாவது 20-10-2016 முதல், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. அனுமதி இல்லாமல் மனையாக மாற்றிய விவசாய நிலத்தைப் பதியக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அரசு நிலம், கோவில் நிலம், வக்பு நிலம், பூமிதான நிலம் ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் பதியவும் அதே பிரிவில்தான் தடை இருக்கிறது.

இந்த 20-10-2016 என்ற தேதியை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இனி எல்லாமே இந்தத் தேதியைச் சுற்றித்தான்.

ஐகோர்ட் பின்னர் தன் உத்தரவைத் தளர்த்தியது. அரசும் 4-5-2017 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறை செய்யும் விதிகளைக் கொண்டு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவான மனை என்றால் மறுபடியும் விற்கும்போது பதிவு செய்ய 22-ஏ பிரிவிலேயே வழி இருக்கிறது.

இங்கேதான் புரோக்கர் தன் வித்தையைக் காட்டுவார். "சார், இது 2005-லயே பதிவான மனை. தாராளமா பத்திரம் பண்ணலாம், ஒண்ணும் பிரச்னை இல்ல" என்பார். பத்திரம் பண்ணலாம் என்பது உண்மைதான். ஆனால் வரன்முறை செய்யாத அந்த மனையில் வீடோ கடையோ கட்ட முறையான அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாவிட்டால் பேங்க் லோன் தேறாது. நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் இதையே சொல்லி விலையைக் குறைப்பார். பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு மனையில் கருவேல முள் வெட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்!

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்றால் என்ன?

ஒன்றும் இல்லை என்பதுதான் நேரான பதில்.

மனைப்பிரிவு போட, 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் உரிய திட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். ஊரைப் பொறுத்து அது டி.டி.சி.பி. ஆகவோ சி.எம்.டி.ஏ. ஆகவோ இருக்கும். அந்த அனுமதிக்குப் பிறகுதான் ஊராட்சியின் வேலை வருகிறது. ஊராட்சித் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுத்த மேப்பை வைத்துக்கொண்டு "அப்ரூவ்டு" என்று நோட்டீஸ் அடித்தால் அது செல்லாது. வீட்டு வரி ரசீதும், இ.பி. கனெக்ஷனும் இருப்பதால் மனைக்கு அங்கீகாரம் வந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம்.

முறையான லேஅவுட் என்றால் அனுமதி எண், ஆண்டு, வரைபடம் மூன்றும் இருக்கும். அந்த எண்ணை எழுதி வாங்கிக் கொண்டு செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் சரிபார்க்கவும். வரைபடத்தில் உங்கள் மனை எண்ணையும் அளவையும் பாருங்கள். 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை பூங்கா, விளையாட்டு இடம் என்று ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பூங்கா இடத்தையே பிற்பாடு துண்டு போட்டு விற்கிற கதையெல்லாம் நடக்கிறது. மனை எல்லாம் விற்றுத் தீர்ந்த லேஅவுட்டில் திடீரென்று "கார்னர் பிளாட் ஒண்ணு மிச்சம் இருக்கு" என்றால் வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேலோ, 8 மனைகளுக்கு மேலோ போடுகிற புது லேஅவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பிறகுதான் விளம்பரமே செய்யலாம். நோட்டீசில் ரெரா நம்பர் போட்டே ஆக வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் கூடாது. "இது மனை இல்ல சார், பண்ணை நிலம், அதனால ரெரா வேண்டாம்" என்று ஏக்கரை சென்ட் சென்ட்டாக வெட்டி விற்கும் வியாபாரமும் இப்போது ஜோராக நடக்கிறது. அதில் வீடு கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

ஏற்கனவே வாங்கி விட்டீர்களா?

பதற வேண்டாம். 20-10-2016 அல்லது அதற்கு முன்பு உருவாகி, மனைகள் விற்கப்பட்ட லேஅவுட் என்றால் வரன்முறைக்கு வழி இருக்கிறது. முதலில் மொத்த லேஅவுட்டுக்கும் கொள்கை அளவிலான அனுமதி வாங்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு மனைக்காரரும் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி தனித்தனியாக உத்தரவு வாங்க வேண்டும். லேஅவுட் போட்டவர் ஓடிவிட்டார், செத்துவிட்டார் என்றால்? மனை வாங்கியவர்கள் சேர்ந்தே மனுப் போடலாம். இதற்காகவே பல இடங்களில் மனைக்காரர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தனி ஆளாக அலைவதற்கு முன், உங்கள் லேஅவுட்டுக்கு ஏற்கனவே கொள்கை அனுமதி வந்திருக்கிறதா என்று மதுராந்தகம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ, உங்கள் ஊர் எந்த ஒன்றியமோ அங்கேயோ கேட்டு விடுங்கள். பக்கத்து மனைக்காரர் வாங்கி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மனுப் போடும் கெடுவை அரசு பல முறை நீட்டித்திருக்கிறது. திறந்திருக்கும்போதே வேலையை முடிப்பது நல்லது. ஏரி, குளம், வாய்க்கால், புறம்போக்கு, பொது ஒதுக்கீட்டு இடம் இவற்றில் போட்ட மனைகளுக்கு வரன்முறை கிடையாது. செங்கல்பட்டு பக்கம் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலத்தில் ஒரு முறை போய் மனையைப் பாருங்கள். எந்த ஆபீசும் சொல்லாததை அந்தத் தண்ணீர் சொல்லிவிடும்.

பஞ்சமி நிலம்: கதை ஆரம்பித்ததே இந்த ஜில்லாவில்தான்!

பெரும்பாலான வழிகாட்டிகளில் இந்த விஷயத்துக்கு ஒரு வரிதான் கிடைக்கும். நமது மாவட்டத்தில் அது போதாது.

1891-ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் திரமென்ஹீர், இந்த ஜில்லாவின் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலம் இல்லாமல் படும் பாட்டை நேரில் பார்த்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பேரில் 30-9-1892 அன்று சென்னை மாகாண அரசு உத்தரவு போட்டது. அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கு சொல்வார்கள். 10 வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும். மீறி வேறு யாராவது வாங்கினால் அந்தப் பத்திரம் செல்லாது. அரசு நஷ்டஈடு இல்லாமலேயே நிலத்தைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். இந்த நிபந்தனையில் வந்ததுதான் பஞ்சமி நிலம். ரெவின்யூ பாஷையில் "டி.சி. நிலம்" என்பார்கள்.

நூறு வருடத்தில் அதில் ஏராளமான நிலம் கை மாறிவிட்டது. கடனுக்கும் மிரட்டலுக்கும் பயந்து கைநாட்டு வைத்துக் கொடுத்தவர்கள்தான் அதிகம். மாமல்லபுரம் பக்கத்தில் உள்ள காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினார்கள். அதைத் தொடர்ந்து 10-10-1994 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 2 பேர் உயிரிழந்தார்கள். எனவே இதை வெறும் "டாக்குமெண்ட் பிரச்னை" என்று நினைத்து விடாதீர்கள். ஒரு குடும்பத்திடம் இருந்து பறித்த நிலம் அது.

நிபந்தனை செல்லும் என்றே சென்னை ஐகோர்ட் பல வழக்குகளில் சொல்லி இருக்கிறது. "நாலு கை மாறிடுச்சு, முப்பது வருஷமா பட்டா இவங்க பேர்ல இருக்கு" என்ற சமாதானம் எடுபடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது கம்ப்யூட்டரில் வரும் பட்டாவை மட்டும் பார்த்தால் தெரியாமல் போகலாம். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். கணக்கில், பழைய குறிப்புகள் பல இடங்களில் விட்டுப் போயிருக்கின்றன. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் "ஏ" பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே என்ன எழுதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாலுகா ஆபீசில் மனுப் போட்டு நகல் கேளுங்கள். இழுத்தடித்தால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு மாதம் பொறுக்க முடியாது என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் ஏன் அவசரம் என்று யோசியுங்கள்.

பஞ்சமி தவிர, அரசு இலவசமாகக் கொடுத்த நிபந்தனைப் பட்டாக்களும் இருக்கின்றன. அதிலும் இத்தனை வருடத்துக்கு விற்கக் கூடாது என்று எழுதி இருக்கும். பட்டாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

வில்லங்கம் பார்ப்பது எப்படி?

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை வீட்டில் இருந்தே பார்க்கலாம். 13 வருடத்துக்கு ஈ.சி. போட்டுக் கொடுத்து "கிளியர்" என்பார்கள். குறைந்தது 30 வருடம் பாருங்கள். அதற்கும் முந்தைய தாய்ப் பத்திரம் வரை வக்கீலிடம் காட்டிக் கருத்து வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் பீஸ் ஆகும் என்று நினைத்து லட்சக்கணக்கில் விட்டவர்கள் உண்டு.

ஈ.சி.யில் வராதவை: பதியாத உயில், வாய்ப்பேச்சு பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கும் கேஸ். அதனால் நிலத்தில் யார் இருக்கிறார், யார் உழுகிறார் என்று நேரில் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு டீ குடித்துக் கொண்டே பேசுங்கள். "இதுல அண்ணன் தம்பி தகராறு ஓடுதே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு பத்து ஜெராக்ஸ் ஈடாகாது.

பூர்வீகச் சொத்தா? அண்ணன் தம்பிகள் கையெழுத்து மட்டும் போதாது. 2005-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும் பிறப்பிலேயே சம பங்கு வந்துவிட்டது. அப்பா எப்போது இறந்தார் என்பது முக்கியம் இல்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவுபடுத்தி விட்டது. 20-12-2004-க்கு முன்பே முறையாக விற்று, பாகம் பிரித்து முடித்தவற்றுக்கு மட்டும் விலக்கு. வாரிசு சான்றிதழில் உள்ள அக்கா, தங்கச்சி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். கல்யாணமாகி வெளியூர் போனவர் என்று விட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து பாகம் கேட்டு சம்மன் வரும்.

பவர் வைத்து விற்கிறாரா? பவர் கொடுத்தவர் இறந்த நாளிலேயே பவரும் முடிந்துவிடும். பொதுவாக அப்படித்தான் சட்டம். பவர் ரத்தானதா என்று ஈ.சி.யில் பாருங்கள். எழுதிக் கொடுத்தவரை நேரில் ஒரு முறை பாருங்கள், போட்டோவில் வேண்டாம். "பத்திரச் செலவு மிச்சம், பவரும் அக்ரிமெண்டும் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பவரும் அக்ரிமெண்டும் சொத்தை உங்கள் பெயருக்கு மாற்றாது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1-12-2012 முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தத்தையும் பவரையும் கட்டாயம் பதிய வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்திய அக்ரிமெண்டை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேடந்தாங்கல் ரோட்டில் வாங்குகிறவர்களுக்கு

படாளத்தில் இருந்து வேடந்தாங்கல் போகும் வழியில் ரிசார்ட், பண்ணை வீடு, சின்ன கம்பெனி என்று பலர் நிலம் பார்க்கிறார்கள். வேடந்தாங்கல் சரணாலயம் என்றால் பறவைகள் இறங்கும் அந்த ஏரி மட்டும் கிடையாது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஊர்களும் பட்டா நிலங்களும் இருக்கின்றன. 2020-ல் இந்த எல்லையைக் குறைக்கப் பேச்சு வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது நினைவிருக்கலாம். அந்த வட்டத்துக்குள் வரும் நிலத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. தொழில் நடத்த வாங்குகிறவர்கள் சர்வே எண்ணை வனத்துறை ஆபீசில் காட்டி எழுத்து மூலம் கேட்ட பிறகே பணம் கொடுப்பது நல்லது.

ரோட்டோரக் கடை போடுகிறவர்கள் கவனத்துக்கு

ஜி.எஸ்.டி. ரோட்டோர இடத்துக்கு விலை அதிகம். ஹோட்டல், டயர் கடை, பங்க் எது போட்டாலும் ஓடும் என்ற நினைப்பு. ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் இருந்து உங்கள் இடத்துக்குள் வண்டி இறங்க வழி விடுவதற்கு நெடுஞ்சாலை அதிகாரிகளின் அனுமதி வேண்டும். ஊருக்கு வெளியே திறந்தவெளிப் பகுதியில் ரோட்டின் நடுவில் இருந்து 40 மீட்டர் வரை கட்டிடமே கூடாது, 75 மீட்டர் வரை கட்டுப்பாட்டுடன்தான் என்பது நெடுஞ்சாலைத் துறை பின்பற்றும் அளவுகோல். டேப் வைத்து அளந்து பாருங்கள். நீங்கள் வாங்கும் அரை கிரவுண்டு மொத்தமும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடலாம்!

ரோட்டை அகலப்படுத்த நிலம் எடுப்பதும் நடக்கும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் சர்வே எண்களுடன் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். நாளை விட்டால் போச்சு. இழப்பீடு போதவில்லை என்றால் மத்தியஸ்தர் முன் மனுப் போட வழி உண்டு. 2021-ல் சுப்ரீம் கோர்ட் வரை போன ஒரு தமிழ்நாட்டு வழக்கில், வழிகாட்டி மதிப்பை வைத்து அதிகாரிகள் கொடுத்தது சதுர மீட்டருக்கு ரூ.46.55 முதல் ரூ.83.15 வரைதான். மாவட்ட கோர்ட் அதை ரூ.645 ஆக்கியது. மத்தியஸ்தர் தீர்ப்பைத் திருத்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னாலும், அந்த மக்களுக்குக் கிடைத்த தொகையில் கை வைக்கவில்லை.

இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது ஊர் வழக்கம். நாளைக்கு நிலம் எடுக்க வந்தால் அந்தக் குறைந்த விலைப் பத்திரங்களைத்தான் அதிகாரி எடுத்து மேஜையில் போடுவார்.

கடையை வாடகைக்கு எடுக்கிறவர்களும் கட்டிட அனுமதி நகலைக் கேட்டு வாங்கவும். ஜி.எஸ்.டி. பதிவுக்கு (இது ரோடு அல்ல, வரி!) வாடகை ஒப்பந்தமும், இடத்துக்காரரின் வரி ரசீதோ இ.பி. பில்லோ தேவைப்படும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் என்றால் பதிய வேண்டும். பதியாமல் 5 வருடம் என்று எழுதிக் கொண்டு ஷெட்டும் ஷட்டரும் சொந்தச் செலவில் போட்டால், இடத்துக்காரர் மனசு மாறும்போது அந்த 5 வருடத்தை கோர்ட்டில் கேட்க முடியாமல் திண்டாட வேண்டி இருக்கும்.

பணம் கொடுக்கும் முறை

நிலம், வீடு சம்பந்தப்பட்ட பேரத்தில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். பேங்க் மூலம் கொடுத்தால் நாளைக்கு தகராறு வந்தாலும் உங்கள் கையில் சாட்சி இருக்கும்.

பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆக மொத்தம் 9 சதவீதம். 2023 ஏப்ரலில் இருந்து இந்தக் கணக்கு. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 500 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 6 லட்சத்துக்கு 54 ஆயிரம் ஆகும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தை பெண்கள் பெயரில் பதிந்தால் 1-4-2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. மேலே சொன்ன மனைக்கு 6 ஆயிரம் மிச்சம். வீட்டம்மா பெயரில் வாங்க இது ஒரு காரணம்.

ஏமாந்து விட்டால்?

காலத்தைக் கடத்தாதீர்கள். மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விஷயம் தெரிந்த நாளில் இருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம்ணே" என்று இழுப்பவர்கள் இந்த மூன்று வருடத்தைத்தான் கடத்தப் பார்க்கிறார்கள். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் கொண்டு வந்த 77-ஏ பிரிவை 2024-ல் சென்னை ஐகோர்ட் செல்லாது என்று அறிவித்து விட்டது. எனவே அதையே நம்பிக் காத்திருக்காமல் சிவில் கோர்ட்டுக்குப் போவதே உறுதியான வழி.

ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றது, ஆள் மாறாட்டம், போலிப் பட்டா என்றால் மாவட்ட குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. நம் ஆட்களுக்குப் பழக்கமான பழைய "420"-தான் அது. ரெராவில் பதிய வேண்டிய லேஅவுட்டில் சொன்னபடி ரோடு, தண்ணீர், பூங்கா செய்து தரவில்லை என்றால் சென்னையில் உள்ள ரெரா ஆணையத்தில் பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டு மனுச் செய்யலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் செங்கல்பட்டு கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பத்திர நகல், ஈ.சி., பட்டா, பணம் கொடுத்த பேங்க் விவரம், புரோக்கர் கொடுத்த நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டு போகவும். ஒரிஜினலை யார் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம்.